பதினேழு பஜ்ஜிக் கடைகள் பற்றிய விளக்கம்

அனுப்புநர்:
பர்யோனோ,
பயிற்றுநர் (தற்காலிகம்),
தெங்கிரி சந்து, ரெம்பாங்.

பெறுநர்:
உயர்திரு ஹெந்த்ரோ அவர்கள்,
வட்டார மேலாளர்,
சிறுதொழில் பயிற்சி மற்றும் கடனுதவிப் பிரிவு, செமாராங்.

பொருள்: வாழைப்பழ பஜ்ஜி – பதினேழு கடைகள் – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிதம். (சிவப்பு மையில் அடிக்கோடிட்டது.)

மதிப்பிற்குரிய ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும், தங்கள் துணைவியாரும், பல் முளைக்கும் காய்ச்சலில் கிடப்பதாகக் கேள்விப்பட்ட சின்னக் குழந்தையும் இறையருளால் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நானும், என் மனைவியும் தங்கள் அக்காவுமாகிய லஸ்த்ரியும் நலம். அக்கா நலம் என்பதைவிட, அக்கா என்னோடு பேசுவதில்லை என்று எழுதுவது சரியாக இருக்கும். அதற்கான காரணம் இக்கடிதத்தின் நடுப்பகுதியில் வருகிறது.

ஒரே சந்தில், ஒரே நாளில், பதினேழு பயனாளிகள் ஒரே தொழிலைத் தொடங்கியது எப்படி என்று ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும், தவறினால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவேன் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. ஐயா, முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவன் நான். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு முறைகூட எவரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். கடிதத்தின் அடியில் ஹெந்த்ரோ என்று கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் முதல் எழுத்தைக் கொக்கி போட்டுச் சுழிப்பது எப்படி என்று எங்கள் வீட்டு வாசலில் உட்காரவைத்து உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான், மச்சான். மன்னிக்கவும். தங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான், ஐயா.

விளக்கத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற்ற மூன்றாவது மாதம், சமையலறையில் இருந்த மிளகாய்களை எல்லாம் நீளவாரியாகப் பிரித்து அடுக்கிவைத்ததையும், எண்ணெய் பாட்டில்களுக்கு வரிசை எண் ஒட்டியதையும் கண்ட தங்கள் அக்கா தங்களுக்குப் போன் செய்து, "இந்த மனுஷன எங்கயாச்சும் ஒரு வேலையில சேத்துவுடு, இல்லன்னா நான் பொட்டியக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துருவேன்" என்று சொன்னதும், அடுத்த வாரமே எனக்குப் பயிற்றுநர் வேலை கிடைத்ததும் தாங்கள் அறிந்ததே. வேலை என்னவென்றால், சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்பும் பதினெட்டுப் பெண்களுக்கு வாரம் ஒரு நாள், பதினோரு வாரம், வியாபாரம் செய்வது எப்படி என்று பாடம் நடத்த வேண்டும். முடித்தவர்களுக்கு ஆளுக்கு இருபது லட்சம் ரூபியா கடன், அதாவது ஒரு அடுப்பும் வாணலியும் சரக்கும் வாங்கினால் தீர்ந்துவிடும் தொகை. நான் வாழ்நாளில் விற்ற ஒரே பொருள் தபால்தலை. அதை வேறு எங்கும் வாங்க முடியாது என்பதால் மக்கள் என்னிடம் வந்து வாங்கினார்கள். இந்தத் தகுதியோடுதான் வகுப்புக்குள் நுழைந்தேன். ஆனாலும் பயப்படவில்லை. ஏனென்றால் தலைமை அலுவலகம் எழுபத்துநான்கு பக்கத்தில் ஒரு கையேடு அனுப்பியிருந்தது. அதைத் தாண்டி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது என்று தங்கள் உத்தரவும் இருந்தது. கையேட்டை எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கிறது. அதை இங்கு நான் குறிப்பிடப் போவதில்லை. படமும் இருக்கிறது. மீசை நன்றாக வந்திருக்கிறது.

அந்தக் கையேட்டின் முதல் பாடத்தில் சாரி என்று ஒரு பெண்மணி வருகிறார். வாழைப்பழ பஜ்ஜி விற்கிறார். முதலீடு என்றால் என்ன என்பது அவர் பழம் வாங்குவதிலிருந்து தெரிகிறது. இரண்டாம் பாடத்திலும் அவரே வருகிறார், எண்ணெய் வாங்குகிறார். மூன்று, நான்கு, ஐந்து என்று பதினோரு பாடத்திலும் அவரைத் தவிர வேறு ஒரு மனித உயிர் கிடையாது. நான் குறை சொல்லவில்லை. பக்க எண்களை மட்டும் தருகிறேன்: 3, 9, 14, 22, 31, 38, 45, 51, 58, 66, 72.

பெண்களுக்கு சாரியை மிகவும் பிடித்துவிட்டது. மூன்றாவது வாரம் நான் செலவு, வரவு என்று கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது, சந்து முனை வீட்டுக்காரி கஸியாத்தி எழுந்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள், அவள் வீட்டில் பேசினால் கடைசி வீட்டில் கேட்கும்.

"வாத்தியாரய்யா, இந்த சாரிக்குப் புருஷன்னு ஒருத்தன் இருக்கானா இல்லியா?"

"அதப் பத்தி புஸ்தகத்துல ஒண்ணும் போடலம்மா."

"இவளே பழம் வாங்குறா, இவளே உரிக்கிறா, இவளே சுடுறா, இவளே விக்கிறா, ராத்திரி கணக்கும் எழுதுறா. அந்தாளு எங்க போய்த் தொலஞ்சான்? ஒரு பழம் உரிச்சுக் குடுத்தா கை தேஞ்சா போயிரும்?"

"கடலுக்குப் போயிருப்பான்" என்றாள் வார்சித்தி மெதுவாக. அவள் கணவன் மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறவன். ஒல்லியான பெண். மூன்று குழந்தைகள், கடைசிக்கு நான்கு வயது.

ஐந்தாவது பாடத்தில், மழை பெய்து சாரிக்கு நாற்பது பஜ்ஜி விற்காமல் போகிறது. நட்டம் என்ற சொல்லை விளக்குவதற்காகத் தாங்கள் பெய்வித்த மழை அது. வார்சித்தி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் நான் வகுப்பு நடக்கும் மண்டப வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சாரி தேறிட்டாளா வாத்தியாரய்யா?" என்று கேட்டார்கள். இப்படி ஒரு கவனம் எந்த வகுப்பில் கிடைக்கும்? நான் பெருமைப்பட்டேன் ஐயா. மறைக்கவில்லை.

கவனிக்காதவள் ஒருத்திதான். பெயர் துமினி. மீன் ஏலக்கூடத்தில் விடிவதற்கு முன்பே போய் மீன் தரம்பிரிக்கிற வேலை. மத்தியானம் வகுப்புக்கு வந்து, சுவரோரம் உட்கார்ந்து, நான் சலாம் சொல்லும்போது பதில் சலாமைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிப்போவாள். பதினோரு வாரமும் தவறாமல் வந்தாள், பதினோரு வாரமும் தூங்கினாள். தேர்வில், "சாரி விற்கும் பொருள் யாது?" என்ற முதல் கேள்விக்கு "மீன்" என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "வியாபாரத்துக்கு ஏற்றவர் அல்லர்" என்று அறிக்கையில் எழுதினேன். ஆனால் வருகைப்பதிவு முழுமையாக இருந்தால் கடன் உண்டு என்று தங்கள் விதி இருப்பதால் அவளுக்கும் கிடைத்தது.

அடுத்து, தொழில்திட்டம். ஆளுக்கு ஒரு தாளில், எந்தத் தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்று எழுதித்தரச் சொன்னேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் படித்தேன். முதல் தாள், வாழைப்பழ பஜ்ஜி. நல்லது. இரண்டாவது தாள், வாழைப்பழ பஜ்ஜி. சரி, இருக்கட்டும். ஏழாவது தாளுக்கு வரும்போது எனக்கு வியர்த்தது. பதினேழு தாள், பதினேழு பஜ்ஜி. துமினியின் தாளில் "பிறகு சொல்கிறேன்" என்று இருந்தது. மறுநாளே எல்லோரையும் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது, எல்லாரும் பஜ்ஜியே எழுதியிருக்கீங்க?"

"நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?" என்றாள் கஸியாத்தி.

"நான் உதாரணத்துக்குச் சொன்னேன்மா."

"உதாரணம்னா?"

"உதாரணம்னா… இப்ப நீங்க துணி தைக்கலாம். கஸியாத்தி, நீ நல்லாத் தைப்பியே."

"தைக்கலாம் வாத்தியாரய்யா. ஆனா துணிக்குக் கணக்கு எப்படிப் போடுறது? பழத்துக்குன்னா எங்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு சீப்புக்கு எத்தன, ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தன, நட்டம் எவ்வளவு, எல்லாம் மனப்பாடம். தெரிஞ்ச கணக்க விட்டுட்டுத் தெரியாத கணக்குல போய் விழச் சொல்றீங்களா?"

இதற்கான பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். பதினேழு திட்டங்களையும், "எல்லாம் பஜ்ஜியாக உள்ளது, ஆலோசனை தேவை" என்று என் கைப்பட ஒரு குறிப்போடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒன்பதே நாளில் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் "பாடத்தை நன்கு உள்வாங்கியுள்ளார். ஒப்புதல் அளிக்கப்படுகிறது" என்று முத்திரை. முத்திரை குத்துகிறவன் குத்துவதைப் படிப்பதில்லை என்பது முப்பத்தொரு வருடம் அதே வேலை செய்த எனக்குத் தெரியும். அதனால் எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை, நாற்பத்தொரு வீடுகள் உள்ள எங்கள் தெங்கிரி சந்தில், பதினேழு அடுப்புகள் ஒரே நேரத்தில் பற்றவைக்கப்பட்டன. புகையைப் பார்த்து அடுத்த தெருக்காரர்கள் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி வாங்கிப்போனார்கள். வெளி ஆட்களிடம் நடந்த வியாபாரம் அவ்வளவுதான். இரவு கஸியாத்தி ஓடிவந்தாள்.

"வாத்தியாரய்யா, மொத நாளே பன்னெண்டு வித்துட்டேன்!"

"யாருக்கும்மா வித்த?"

"வார்சித்திக்கு நாலு, எதுத்த வீட்டுக்கு நாலு, பக்கத்து வீட்டுக்கு நாலு."

"அவங்களும் பஜ்ஜிதான விக்கிறாங்க? அவங்ககிட்ட நீ ஏதாச்சும் வாங்குனியா?"

"வாங்காம? ஆளுக்கு நாலு வாங்குனேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

மரியாதை நான்கு நாள் தாங்கியது. பிறகு எட்டாம் பாடத்தைக் கையில் எடுத்தார்கள். "மற்றவரிடமிருந்து மாறுபடுங்கள்." ஒருத்தி பஜ்ஜிமேல் பாலாடைக்கட்டி துருவினாள், ஒருத்தி சாக்லேட் ஊற்றினாள், ஒருத்தி பச்சைமிளகாயை உள்ளே வைத்தாள், ஒருத்தி நெத்திலிக் கருவாட்டை வைத்துச் சுட்டாள். அதைத் தின்ற பூனை எங்கள் சந்துப் பக்கம் இன்றுவரை வரவில்லை. கஸியாத்தி, "உண்மையான சாரி கடை" என்று ஒரு பலகை எழுதி மாட்டினாள். மறுநாள் எதிர்வீட்டில், "சாரியின் அக்கா கடை". அதற்கு மறுநாள் மூன்றாவது ஒரு பலகை வந்தது: "சாரிக்குக் கற்றுக்கொடுத்தவர் கடை". பிறகு ஏழாம் பாடம், தள்ளுபடி. ஆயிரம் ரூபியாவுக்கு விற்ற பஜ்ஜி எழுநூறு ஆனது, ஐநூறு ஆனது. தேவை கூடியதால் பழத்தின் விலை மட்டும் இரண்டு மடங்கு ஏறிவிட்டது. பழ வண்டிக்காரன் புது மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த வகுப்பு எப்ப வாத்தியாரே ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு.

என் வீட்டு நிலைமை இதுதான். யாருடைய பஜ்ஜி சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மாலையும் பதினேழு தட்டு வரும். ஒரு தட்டில் கை வைத்துவிட்டு இன்னொன்றில் வைக்காமல் இருந்தால், அந்த வீட்டுக்காரி தெருவில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நடுநிலை தவறக்கூடாது என்று நாளுக்குப் பதினேழு பஜ்ஜி தின்றேன். பதினோராவது நாள் கண் மங்கலாகி, சுகாதார நிலையத்துக்குப் போனபோது, நர்ஸ் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு மெஷின் பழுது என்று வேறு மெஷின் எடுத்துவந்தாள். அதிலும் அதே எண்தான். தங்கள் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மேலே குறிப்பிட்ட காரணம் இதுவே. தட்டுகளை அவள் பக்கத்து வீட்டு ஆடுகளுக்குப் போட்டாள். மூன்றாம் நாள் ஆடுகளும் வேண்டாம் என்றுவிட்டன.

இதுவரை எழுதியதைப் படித்துத் தாங்கள் சிரித்திருக்கலாம். நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும், உன் சிரிப்பு அப்படி. ஆனால் இனி எழுதுவதைச் சிரிக்காமல் படி மச்சான்.

ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது நம் விதி. அதனால் ஒருத்தி நன்றாக விற்றால் மற்றவளுக்குப் பொறாமை, விற்காவிட்டால் பயம். வருடக்கணக்காகச் சேர்ந்தே தண்ணீர் பிடித்து, சேர்ந்தே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி சமைத்துப்போட்ட பெண்கள், அடுப்பைத் திருப்பிவைத்து ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சந்து வழியாக நடந்துபோனால் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு நாள் மாலை வார்சித்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு இல்லை.

"உள்ள வாம்மா."

"இல்ல வாத்தியாரய்யா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். தைவானுக்குப் போறேன். வயசானவங்கள வீட்டோட இருந்து பாத்துக்குற வேல. ஏஜெண்டு வந்துட்டுப் போனாரு. மூணு வருஷம்."

"சின்னவனுக்கு நாலு வயசுதானம்மா ஆவுது?"

"திரும்பி வரும்போது ஏழாயிரும்." போவதற்குத் திரும்பியவள் நின்றாள். "நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க. எனக்குத்தான் சாரி மாதிரி வரல."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனாள். என்னைத் திட்டியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன். தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு போனதால் அன்று எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இல்லாத ஒரு பெண்ணைக் காட்டி, இருக்கிற ஒரு பெண்ணை நாட்டைவிட்டு அனுப்புகிறேன் என்று தோன்றியது. தங்கள் அக்கா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பேசவில்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு என் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டு, குடையையும் பக்கத்தில் வைத்திருந்தாள். எங்காவது போய் ஏதாவது செய் என்று அர்த்தம். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த அளவுக்கு எனக்குப் புரியும்.

துறைமுகத்துக்குப் போனேன். மீன் தரம்பிரிக்கும் வேலை ஏதாவது வார்சித்திக்குக் கிடைக்குமா என்று கேட்பதாக எண்ணம். ஏலக்கூடத்துக்கு வெளியே ஒரே கூட்டம். சண்டை என்று நினைத்தேன். முண்டியடித்து எட்டிப்பார்த்தால், நடுவில் ஒரு பழைய தள்ளுவண்டி, அதன் பின்னால் துமினி. முழுவதும் விழித்திருந்தாள். அவள் கண்ணின் நிறத்தையே அன்றுதான் பார்த்தேன்.

"என்னம்மா விக்கிற?"

"சுடுசோறு, மிளகாய்ச் சம்பல், ஒரு துண்டு மீனு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க வாத்தியாரய்யா, ஆளுங்க நிக்கிறாங்க."

தள்ளி நின்றேன். அரை மணி நேரத்தில் பானை காலி. படகிலிருந்து இறங்கியவன், கூடை சுமக்கிறவன், ஐஸ் உடைக்கிறவன் என்று எல்லோரும் நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்கள். பிறகு கேட்டேன்.

"இது எந்தப் பாடத்துலம்மா வருது?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் தூங்கிட்டேனே."

"பின்ன இங்க சோறு விக்கலாம்னு எப்படித் தோணுச்சு?"

அவள் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "பதினாலு வருஷம் இங்க மீன் பிரிச்சேன். பதினாலு வருஷமும் இந்நேரத்துக்கு எனக்குப் பசிக்கும். எனக்குப் பசிச்சா பக்கத்துல நிக்கிறவனுக்குப் பசிக்காதா?"

வீட்டுக்கு வந்து எழுபத்துநான்கு பக்கங்களையும் ஒருமுறை புரட்டினேன் ஐயா. இந்த வாக்கியம் எதிலும் இல்லை.

அன்று மாலை துமினி வீட்டுக்குப் போய், பன்னிரண்டாவது வகுப்பு ஒன்றை அவள் நடத்த வேண்டும் என்று கேட்டேன். "நானா? பாடமா? உங்களுக்குச் சர்க்கர ஏறிப்போயிருச்சு, போய்ப் படுங்க" என்றாள். நான் அவள் வாசலைவிட்டு நகரவில்லை. கடைசியில், மறுநாள் காலை எல்லோரும் ஏலக்கூடத்துக்கு வந்து நிற்கட்டும் என்று ஒத்துக்கொண்டாள். பதினேழு பேரும் வந்தார்கள், மூன்று கோஷ்டியாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். கஸியாத்தி நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள்.

"அத உள்ள வையி" என்றாள் துமினி. "எழுதாத. பாரு."

"எதப் பாக்கணும்?"

"யாரு எதுக்குக் கஷ்டப்படுறாங்கன்னு பாரு. யாரு எத இல்லாம முழிக்கிறாங்கன்னு பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

பாடம் அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டேன். பெண்கள் கலைந்துபோய்க் கூடத்தைச் சுற்றினார்கள். முதலில் மீன் விலையைத்தான் விசாரித்தார்கள். பிறகு ஒருத்தி வந்து, வலை பின்னும் பெண்களின் குழந்தைகள் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விளையாடுகின்றன, பார்க்க ஆளில்லை என்றாள். இன்னொருத்தி, குளிர்காற்றில் படகிலிருந்து இறங்குகிறவர்கள் இஞ்சித்தண்ணீர் கிடைக்குமா என்று கேட்கிறார்கள் என்றாள். வார்சித்திதான் கடைசியாக வந்தாள்.

"எல்லாரு பூட்சும் கிழிஞ்சிருக்கு" என்றாள்.

"எந்த பூட்ஸ்?"

"ரப்பர் பூட்ஸ். முள்ளு குத்தி, ஐஸ் தண்ணி உள்ள போயி, காலெல்லாம் வெள்ளையா ஊறிக்கெடக்கு. புதுசு வாங்க முடியலையாம். எங்கப்பா சைக்கிள் பஞ்சர் ஒட்டுறவரு. எனக்கு ஒட்டத் தெரியும்."

பிறகு கஸியாத்தி, வார்சித்தியோடு மூன்று வாரமாகப் பேசாத கஸியாத்தி, "எங்க வீட்டுல பழைய டியூப் ரெண்டு கெடக்கு, எடுத்துக்கறியா?" என்று கேட்டாள்.

வார்சித்தி அடுப்பையும் வாணலியையும் துமினிக்கு விற்று, பசையும் உப்புத்தாளும் வாங்கினாள். முதல் வாரம் அறுபத்திரண்டு பூட்ஸ். ஏஜெண்டு திரும்ப வந்தபோது அவன் பூட்ஸையும் வாங்கிப் பார்த்துவிட்டு, குதிகாலில் ஒரு ஓட்டை இருக்கிறது, ஒட்டித்தரட்டுமா என்று கேட்டாளாம். தைவானுக்குப் போகவில்லை. இரண்டு பேர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஐந்து பேர் இஞ்சித்தண்ணீரும் காப்பியும். ஐந்துமே ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. அதை நான் கண்டும் காணாமல் இருக்கிறேன். மூன்று பேருக்கு வியாபாரமே வேண்டாம் என்றாகி, வேறு வேலைக்குப் போய்த் தவணை கட்டுகிறார்கள். கஸியாத்தி ஏலக்கூடத்து ஆட்களுக்கு மெழுகுத்துணியில் மேலங்கி தைக்கிறாள். முதல் ஐந்தில் கை நுழையவில்லை. இப்போது நுழைகிறது. மிச்சமுள்ள ஐந்து பேர் பஜ்ஜியே விற்கிறார்கள். சோறு தின்றவர்களுக்கு இனிப்பாக ஏதாவது வேண்டியிருப்பதால் துமினி அவர்களிடம் முறைவைத்து வாங்கிக்கொள்கிறாள். கருவாட்டு பஜ்ஜி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே ஐயா, தாங்கள் கேட்ட விளக்கம் இது. தவறு என்னுடையது. கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்த நான், எதிரே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்க்கவில்லை. அதில் ஒருத்தி தூங்கினாள் என்றால், ஏன் தூங்குகிறாள், எங்கிருந்து வருகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். துமினியின் தேர்வுத்தாளைத் தேடி எடுத்து, "மீன்" என்ற விடைக்கு முழு மதிப்பெண் போட்டு இத்துடன் இணைத்துள்ளேன். என்னைப் பணியிலிருந்து விடுவிப்பதென்றால் விடுவிக்கவும். எனக்குப் பதிலாக அவளை நியமிக்கவும். வகுப்பை மட்டும் மத்தியானத்தில் வைக்க வேண்டாம்.

தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கையேட்டை அடுத்தமுறை அச்சடிக்கும்போது, தயவுசெய்து, பாடத்துக்கு ஒரு தொழிலாகப் பதினோரு உதாரணம் கொடுக்கவும். அதை மட்டும் செய்தால், இப்படி ஒரு கடிதத்தை இனி எந்தப் பயிற்றுநரும் எழுத நேராது என்று உறுதியளிக்கிறேன்.

குழந்தைக்கு முதல் பல் நோகாமல் வரட்டும். தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பு. தங்கள் பதவி மேலும் உயர்ந்து, நாங்கள் எழுதும் கடிதங்களைத் தாங்கள் நேரில் படிக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்குப் போய்ச்சேர இறைவன் அருள்புரிவானாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள பயிற்றுநரும்
உன் அத்தானுமாகிய
பர்யோனோ

பின்குறிப்பு (சனிக்கிழமை மதியம்): இக்கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்த வியாழக்கிழமை மாலையே, தாங்கள் அனுப்பிய பெட்டி மண்டபத்துக்கு வந்துசேர்ந்தது. "திருத்தி விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு." நான் போவதற்குள் கஸியாத்தி கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிப் பிரித்து, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். சாரி இப்போது பஜ்ஜி விற்பதில்லை. வாத்து வளர்க்கிறாள். பதினோரு பாடத்திலும் வளர்க்கிறாள். கணக்கெல்லாம் போட்டே இருக்கிறது என்று கஸியாத்தி மிகவும் சந்தோஷப்பட்டாள். தவணைக்கு வாத்து தருகிற லாரிக்காரன் ஒருவன் நேற்று வந்தான். நான் குறுக்கே படுத்தேன். சுற்றிக்கொண்டு போய்விட்டான். மேலே எழுதியுள்ள அனைத்தையும் தள்ளுபடி செய்துவிட்டு, வாத்துக்கு என்ன தீனி போடுவது என்று உடனே போன் செய்து சொல்லவும், புத்தகத்தில் அது இல்லை. சந்தில் இப்போது நானூற்று இருபது வாத்துகள். துமினியிடம் ஒன்றுகூட இல்லை. என் குளியலறையில் ஆறு இருக்கின்றன. அவை உன் அக்காவுடையவை.